கதவு சொன்ன எண்

அத்தியாயம் 9

"மனுஷன் பொய் சொல்லுவான். கதவு பொய் சொல்லாது" என்றார் அச்சக முதலாளி.

காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோந்துவுக்குக் காது புளித்துவிட்டது. கதவைப் பெற்று வளர்த்தவர் மாதிரி அப்படி ஒரு நம்பிக்கை அந்த மனுஷருக்கு.

கோந்து ஒரு காலத்தில் போலீஸ் ஏட்டு. மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். ஒரு விஷயத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்க முடியாது; அதனால் அந்தப் பெயர். கூட நின்றவன் ரேடியோ. கோந்துவின் மனைவிக்குத் தம்பி. பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் கடை வைத்து, அதை இழுத்து மூடிவிட்டு, அக்காள் புருஷனோடு சேர்ந்துகொண்டவன். அவன் வாய்க்கு அணைக்கிற பட்டன் கிடையாது.

அந்த அச்சகத்தில் பரீட்சைக் கேள்வித்தாள் அடிக்கிறார்கள். அடித்ததைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஓர் அறையில் வைக்கிறார்கள். அறைக்குப் பூட்டு சாவி கிடையாது. கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். அதுவும் கட்டுப் போடும் மூன்று பெண்களின் கார்டுக்கு மட்டும்தான் திறக்கும். பரீட்சை போர்டு போட்ட சட்டம் அது. முதலாளியே ஆனாலும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

அந்த அறையிலிருந்துதான் முந்தாநாள் விடுமுறையில் ஒரு கட்டு காணாமல் போனது. அன்றைக்குக் கதவு ஒரே ஒரு தடவைதான் திறந்திருந்தது. திறந்த கார்டின் எண்ணைக் கதவு குறித்து வைத்திருந்தது. 212.

212 அந்த மூன்று பேரில் ஒருத்தியான சின்னவளுடைய எண். சின்னவள் ரேடியோவுக்குத் தங்கை, கோந்துவுக்குக் கொழுந்தியாள்.

"சாயந்திரம் போலீஸ் வண்டி வரும். சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. "சொந்தக்காரங்கன்னு கேட்டீங்க, பாக்க விட்டேன். அதுக்குள்ள கட்டு எங்கன்னு அவ வாயிலிருந்து வாங்கிட்டீங்கன்னா கொஞ்சம் பாத்துப் பண்ணச் சொல்றேன்."

கோந்து திரும்பி நடந்தார். நின்று பதில் சொன்னால் இன்னொரு வேலையும் போயிருக்கும்.

சின்னவளைக் காகிதக் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் மனுஷன் உயரத்துக்குக் காகித உருளைகள். நடுவில் ஓர் இரும்பு நாற்காலி. அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் இருந்தாள். அந்தக் கட்டம்தான் மோசம்.

"வீட்டுலதான் இருந்தேன் மாமா. தலைக்குக் குளிச்சிட்டுத் தூங்கிட்டேன். தூங்கினதுக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடறது?"

"கார்டு?"

"பையில இருந்துச்சு. நேத்துக் காலையில அதைக் காட்டித்தான் வேலைக்கே வந்தேன். வந்தவுடனே முதலாளி புடுங்கி அவர் டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டாரு. அதோட விட்டாரா? மெஷின் எல்லாத்தையும் நிறுத்தி, அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடி என் பையைத் தரையில கொட்டினாரு. சீப்பு, மாத்திரை எல்லாம் உருண்டு போச்சு. ஒருத்தர் குனிஞ்சு எடுத்துத் தரலை."

"யாருக்காவது கார்டைக் குடுத்தியா?"

"நீங்களுமா மாமா?"

கோந்து தலையைத் திருப்பிக்கொண்டார். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கேட்டிருக்கக் கூடாது.

"விடு சின்னு. மாமா எங்க அக்காவையே நம்ப மாட்டாரு. சாப்பாட்டுல உப்பு போட்டியான்னு நாலு தடவை கேப்பாரு" என்றான் ரேடியோ.

அவள் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து கோந்துவின் போன் அடித்தது. வீட்டம்மா.

"என் தங்கச்சி இல்லாம வீட்டுக்கு வந்தீங்கன்னா, இங்கயும் கதவு திறக்காது. எந்தக் கார்டுக்கும்."

போன் வைக்கப்பட்டது.

அச்சகத்தின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பவர் மாடியில் ஒரு குளிர் அறையில் இருந்தார். அந்தப் புழுக்கமான கட்டடத்தில் டை கட்டிய ஒரே ஆள் அவர்தான். ரேடியோ அவருக்கு உடனே டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டான்.

"ஒரு எண்ணு ரெண்டு பேருக்கு வருமா?" என்று கோந்து கேட்டார்.

"சான்ஸே இல்லை சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேண்டாம். டேபிள்ல, அதாவது அட்டவணையில, ஒரு எண் ஒரு தடவைதான் வரும். ரெண்டாவது தடவை போட்டா டேட்டாபேஸ் தூக்கி எறிஞ்சிடும். அடிப்படையே அதுதான்."

"வேற யாராவது அந்தக் கார்டு மாதிரி செஞ்சிருந்தா?"

"சார், எனக்கு வேலை இருக்கு."

படியிறங்கும்போது கோந்து கைப்பிடியை ஓங்கி ஒரு குத்து விட்டார். கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவன் பொய் சொல்றானா?"

"உண்மையைச் சொல்றான் மாமா. அதான் கடுப்பா இருக்கு" என்றான் ரேடியோ. "பொய் சொல்றவன்கிட்ட ஏதாவது கிடைக்கும். வாங்க, ஒரு டீ குடிக்கலாம்."

அங்கே டீ கொடுக்கவும் ஆள் கிடையாது, மெஷின்தான். கார்டைக் காட்டினால் ஊற்றும். வாசலில் காவல்காரர் கொடுத்திருந்த விருந்தாளி கார்டை கோந்து மெஷினில் காட்டினார். அது உறுமியது. டம்ளர் நிறைந்தது. கோந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரையே இல்லை."

"உங்க முகத்தைப் பாத்தே வியாதின்னு கண்டுபிடிச்சிடுச்சு" என்றான் ரேடியோ. அவன் கார்டுக்கு மெஷின் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தது. "எனக்குப் பாயசம். அப்ப எனக்கு ஆயுசு கெட்டி."

பின்னால் ஒருவர் கத்தினார். தலைமை பைண்டர். விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்த, பருத்த மனுஷர். கார்டை மெஷினில் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டீயும் முடிஞ்சுதாம்! ஒண்ணுதான்யா குடிச்சேன்! ஆளுக்கு ரெண்டுன்னு கணக்கு. இன்னொண்ணு எவன் வயித்துக்குப் போச்சு?"

கோந்து தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதியா?"

"ஆமா. உங்ககிட்ட யார் சொன்னா?"

"இந்த டீ சொன்னது. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கவங்க ருசியை முதல்லயே எழுதிப் போட்டிருக்காங்க. எனக்குச் சர்க்கரை போடாதுன்னு." பைண்டர் குரலைத் தாழ்த்தினார். "இது திருட்டு மெஷின் சார். வெளியாள் யார் வந்தாலும் இங்க ஒருத்தன் டீ காணாம போயிடும். முந்தி ஒருநாள் மை கலக்கறவன் டீ போச்சு. அப்புறம் லாரி டிரைவர் டீ. போய்ச் சொன்னா, மெஷின் தப்பு பண்ணாது, நீங்க குடிச்சிட்டு மறந்திருப்பீங்கங்கறாரு அந்த டை."

"உங்க கார்டைக் காட்டுங்க."

பைண்டரின் ஊழியர் கார்டில் 87 என்று இருந்தது. கோந்துவின் விருந்தாளி கார்டிலும் 87.

ரேடியோ பாயசத்தைக் கீழே வைத்தான்.

மாடிப்படியைக் கோந்து இரண்டிரண்டாகத் தாண்டினார். இரண்டு கார்டையும் டைக்காரரின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சான்ஸே இல்லைன்னீங்க."

டைக்காரர் கார்டுகளைப் பார்த்தார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டார்.

"ஒரு டேபிள்ல ஒரு தடவைதான் வரும்னேன். இது வேற வேற டேபிள்."

"எத்தனை இருக்குன்னு அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே சார்."

கோந்துவின் கை முஷ்டியானது. ரேடியோ நடுவில் புகுந்தான். "அண்ணே, போர்டுல வரைஞ்சு காட்டுங்க. மாமாவுக்குப் படம் இருந்தாத்தான் புரியும். படம் இல்லாத பேப்பர்கூட வாங்க மாட்டாரு."

டைக்காரர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் மேலே ஒரு கட்டம் போட்டு அதில் 'ஆள்' என்று எழுதினார். கீழே மூன்று கட்டம். ஊழியர், ஒப்பந்தக்காரர், விருந்தாளி.

"புரோகிராம்ல இதை கிளாஸ்னு சொல்லுவோம். மேல இருக்கறது அப்பா, கீழ இருக்கறது பிள்ளைங்க. பேரு, போட்டோ, கார்டு எண் எல்லாம் அப்பாகிட்ட இருக்கும். பிள்ளைங்க அதைச் சொத்து மாதிரி வாங்கிக்கும். அதுக்கு மேல ஊழியருக்குச் சம்பளம், விருந்தாளிக்கு யாரைப் பாக்க வந்தாருன்னு, தன் பங்குக்கு ஒண்ணொண்ணு சேத்துக்கும்."

"சரி."

"ஆனா டேட்டாபேஸுக்கு அப்பா பிள்ளையெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது டேபிள் மட்டும்தான். அதனால இந்தக் குடும்பத்தை எப்படியாவது டேபிள்ல உக்கார வைக்கணும். மூணு வழி இருக்கு. எல்லாரையும் ஒரே டேபிள்ல போட்டு, இவன் ஊழியர், இவன் விருந்தாளின்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதலாம். பாதிக் கட்டம் காலியாக் கிடக்கும்."

"கூட்டுக் குடும்பம்" என்றான் ரேடியோ.

"இல்லைன்னா அப்பாவுக்கு ஒரு டேபிள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேபிள். எண் குடுக்கறது அப்பா மட்டும்தான். அந்த ஒரே எண்ணால எல்லாத்தையும் கோத்துக்கணும்."

"தனித்தனி வீடு, ஒரே வாசல்."

"மூணாவது, அப்பாவுக்கு டேபிளே கிடையாது. பிள்ளைங்களுக்கு மட்டும் ஆளுக்கொண்ணு. எல்லாமே அவங்கவங்க டேபிள்ல."

"தனிக்குடித்தனம். நீங்க எதைப் பண்ணினீங்க?"

"மூணாவது. கோக்கற வேலை மிச்சம், சீக்கிரம் ஓடும்."

"எண்ணு?"

டைக்காரர் கூரையைப் பார்த்தார். "ஒவ்வொரு டேபிளும் ஒண்ணுலேருந்து எண்ணும்."

"அப்ப இந்தக் கட்டடத்துல ஒண்ணாம் நம்பரே மூணு பேருக்கு இருக்கும்" என்றார் கோந்து. "87 ரெண்டு இருக்கறதைத்தான் பாத்தோமே. கதவுக்கும் டீ மெஷினுக்கும் இது எந்தப் பிள்ளைன்னு தெரியுமா?"

"தெரியாது. கார்டுல எண் மட்டும்தான் இருக்கு. அந்த மெஷினெல்லாம் வேற கம்பெனி."

"212க்குத் திறன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. எந்த 212 வந்தாலும் திறக்கும்."

"கொள்கை அளவில..."

"யோவ், அங்க ஒரு பொம்பளை உக்காந்திருக்கா!"

டைக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விருந்தாளி அட்டவணையைத் திறந்தார். கோந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

கடைசி விருந்தாளி 88. அது ரேடியோ. அதற்கு மேல் எண்ணே இல்லை. ஒப்பந்தக்காரர் அட்டவணையைத் திறந்தார். அது முப்பத்தைந்தைக்கூடத் தாண்டவில்லை.

212 வரைக்கும் எண் ஓடியிருந்தது ஊழியர் அட்டவணையில் மட்டும்தான். அங்கே இருந்தது சின்னவள்.

"பாத்தீங்களா? சுத்திச் சுத்தி அங்கதான் வருது" என்றார் டைக்காரர். அவருக்கு ஒரு நிம்மதி. தப்பு தன் மேல் இல்லை என்கிற நிம்மதி. கோந்து பார்த்த மனுஷர்களில் பாதிப் பேர் இந்த நிம்மதிக்காகத்தான் உயிர் வாழ்கிறார்கள்.

ரேடியோ ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டான். முற்றத்தில் நிழல் நீண்டிருந்தது. "மாமா, அக்காவுக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

கோந்து அவனைக் கவனிக்கவில்லை. பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு டேட்டாபேஸ் புரியவில்லை, புரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் குடும்பம் புரியும். பிள்ளைகள் மூன்று பேர் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், நாலாவதைத் தேடுவதுதான் போலீஸ் புத்தி.

"முதலாளி எந்தப் பிள்ளை?" என்றார்.

"சார்?"

"அவர் ஊழியரா?"

"இல்லை. அவருக்கு யார் சம்பளம் குடுக்கறது?"

"ஒப்பந்தக்காரரா? விருந்தாளியா?"

"சேச்சே."

"காலையில வாசல் கதவுல கார்டைக் காட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. நான் கண்ணால பாத்தேன். அவர் பேரு எந்த டேபிள்ல இருக்கு?"

டைக்காரர் டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்பாவுக்கு டேபிள் கிடையாதுன்னு சொன்னீங்க" என்றார் கோந்து.

"முதல்ல கிடையாது சார். முதலாளி குடும்பத்தை ஊழியர்ல போட்டேன். கூலிக்காரங்களோட எங்க வீட்டு ஆளுங்களைச் சேத்து எழுதுவியான்னு கத்தினாரு. எந்த வகையிலயும் சேராத ஆள்னா, அப்பா கிளாஸ்லயேதான் போடணும். அதுக்குன்னு 'ஆள்'னு ஒரு டேபிள் திறந்தேன். நாலு பேருதான் இருக்காங்க." குரல் இறங்கியது. "இந்த டேபிள் இருக்கறதை வெளியில சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"நாலு பேருக்கு எண்ணு நாலுதானே வரும்?" என்றான் ரேடியோ.

"அவங்களுக்குத் தானா வராது. பிடிச்ச எண்ணைக் கேட்டாங்க, நான் கையால போட்டேன்."

அவர் அட்டவணையைத் திறந்தார். முதலாளி 1. முதலாளியின் மனைவி 9. முதலாளியின் மச்சினர் 100. நாலாவது வரியில் முதலாளியின் மகன். சின்ன முதலாளி. 212.

"பைக், போன் எல்லாத்துக்கும் அதே எண்ணுதான் சார் வெச்சிருக்காரு. அதிர்ஷ்டமாம்" என்றார் டைக்காரர். "ஊழியர்ல அந்த எண் இருக்கான்னு பாக்கணும்னு எனக்குத் தோணலை. டேபிள் வேறயாச்சே."

"திருட்டு தெரிஞ்சதுக்கு அப்புறமும் தோணலையா?"

டைக்காரர் கழற்றிய டையை எடுத்து டிராயருக்குள் போட்டார். அதுவே பதில்.

கதவு திறந்தது. முதலாளி. பின்னால் சின்னவளும் ஒரு காவல்காரரும். "வண்டி கிளம்பிடுச்சாம். என்ன, ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

கோந்து சுற்றி வளைக்கவில்லை. நாலே வாக்கியத்தில் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டார். முகம் சிவந்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி. 212 ரெண்டு பேருக்கு இருக்கு. அதனால என்ன? திறந்தது என் பையன்னு கதவு சொல்லிச்சா? இவளா இருக்கவும் பாதி வாய்ப்பு இருக்கு. என் பையனுக்கு என்னய்யா குறை, கேள்வித்தாளைத் திருடறதுக்கு?"

"அந்தப் பரீட்சையை அவரும் எழுதறாரு" என்றாள் சின்னவள். "மூணாவது தடவையா. கீழ எல்லாருக்கும் தெரியும்."

"நீ வாயை மூடு!"

கோந்துவுக்குத் தலை வலித்தது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து பாதிவரைக்கும் வந்தாயிற்று. பாதியை வைத்துக்கொண்டு யாரையும் வெளியே கொண்டுவர முடியாது. கதவு எண்ணை மட்டும்தான் சொல்லும். எந்த 212 என்று அதைச் செத்தாலும் சொல்ல வைக்க முடியாது.

அவர் டைக்காரரின் தோளைத் தொட்டார். "அந்தக் கதவோட கணக்கைக் கொஞ்சம் கீழ தள்ளுங்க. விடுமுறைக்கு அப்புறம்."

"அதுக்கப்புறம் யாரும் பாக்கலை சார். ஆளைத்தான் பிடிச்சாச்சே."

"அதான் பாக்கச் சொல்றேன்."

திரை நகர்ந்தது. விடுமுறை நாள், 212. அதற்குக் கீழே, நேற்றுக் கட்டு குறைவதைக் கண்டுபிடித்த பெண்ணின் எண். கடைசியில் இன்னொரு வரி. இன்று காலை, வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால். 212.

ரேடியோ ஜன்னலை விட்டுத் திரைக்குக் கிட்டே வந்தான்.

"இவ கார்டு எங்க?" என்று கோந்து கேட்டார்.

"என் டிராயர்ல" என்றார் முதலாளி.

"எப்பலேருந்து?"

"நேத்துக் காலையிலேருந்து."

"சாவி?"

முதலாளியின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்து அங்கே தொங்கியது.

"அப்ப கணக்கு சுலபம் சார்" என்றான் ரேடியோ. அவன் குரலில் விளையாட்டு இல்லை. "இன்னிக்குக் காலையில கதவைத் திறந்தது ரெண்டே ரெண்டு பேருல ஒருத்தர். தன் கார்டோட உங்க பையன். இல்லைன்னா, எங்க சின்னு கார்டோட நீங்க. எதுன்னு நாங்க முடிவு பண்ணலை. நீங்களே சொல்லுங்க."

முதலாளி டைக்காரரைப் பார்த்தார். "அந்த வரியை அழிச்சிடு" என்று அந்தப் பார்வையில் இருந்தது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. டைக்காரர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீ வீட்டுக்குப் போ. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் முதலாளி சின்னவளிடம். காலையிலிருந்து இல்லாத அம்மா இப்போது வந்தது.

"நான் போகலை" என்றாள் அவள்.

"போன்னு சொல்றேன்ல?"

"நீங்க கூப்பிட்ட வண்டி வரட்டும். வந்துட்டுச் சும்மா திரும்பிப் போச்சுன்னா, நீங்க பாவம் பாத்து என்னை விட்டுட்டதாத்தான் கீழ எல்லாரும் பேசுவாங்க."

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அச்சு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேலையாட்கள் வேடிக்கை பார்க்க வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம். படியில் பூட்ஸ் ஏறியது. இன்ஸ்பெக்டர் கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் படி நெடுக ஆட்கள். தலைமை பைண்டரின் தலை எல்லாருக்கும் மேலே தெரிந்தது.

"சார், போன் பண்ணியிருந்தீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் முதலாளியிடம். "ஆள் யாரு?"

முதலாளி சின்னவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கோந்துவைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கடைசியில் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல இருக்கான்" என்றார்.